விருப்பமிருந்தால் இணைக்கலாம்

அப்ளிகேஷனோட கடைசிப் பக்கத்துல, கையெழுத்துப் போடுற எடத்துக்குக் கொஞ்சம் மேல, எறும்பு ஊர்ற மாதிரி ஒரு வரி. ரெஸ்யூம், விருப்பமிருந்தால் இணைக்கலாம். செல்வி அத எத்தன தடவ படிச்சிருப்பான்னு கேட்டா அவளுக்கே தெரியாது. மத்ததெல்லாம் முடிஞ்சிருச்சு. பேரு ஆவுடைச்செல்வி, வயசு முப்பத்தாறு, படிப்பு பி.ஏ., சேர விரும்புற வகுப்பு எம்.எஸ்.டபிள்யூ. ஹாஸ்டல் வேணுமாங்கிற கட்டத்துல ஒரு டிக் அடிச்சு, பத்தாதுன்னு அது மேலயே இன்னொண்ணு அழுத்தி அடிச்சதுல பேப்பரே கிழிஞ்சிரும் போல ஆயிருச்சு. படிப்ப நிறுத்துனதுக்குக் காரணம்னு ஒரு கட்டம். அதுல திருமணம்னு எழுதிட்டுக் கொஞ்ச நேரம் பாத்தா. டைஃபாய்டுன்னு எழுதுன மாதிரியே இருந்துச்சு. இனிமே இந்த ரெஸ்யூம வைக்கிறதா வேண்டாமாங்கிறது மட்டுந்தான் பாக்கி. இன்னிக்குக் கடைசி நாளு, நாலு மணிக்குக் கவுண்டர மூடிருவாங்க. மதுர வெயிலு காலேஜ் வராண்டா வரைக்கும் ஏறி வந்து அவ செருப்பு நுனியில உக்காந்திருந்துச்சு. மடியில அப்ளிகேஷன் ஒரு கவர்ல, ரெஸ்யூம் தனியா இன்னொரு கவர்ல, ஒண்ணு மேல ஒண்ணு பட்டுரக் கூடாதுங்கிற மாதிரி நடுவுல கைக்குட்டைய வச்சிருந்தா. விருப்பமிருந்தால். யாரோட விருப்பம். அவங்க விருப்பமா, இவ விருப்பமா. இவளுக்கு விருப்பம்னு ஒண்ணு இருந்து, அத ஒரு தாள்ல எழுதிப் பின் அடிச்சுக் குடுத்தா வாங்கிக்கிடுவாங்களா.

இந்த வார்த்தைய அவளுக்குத் தெரியாதா. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துல, ஸ்ரீ பூமாலை திருமண தகவல் மையத்துல, புருஷன் பால்வண்ணன் நடத்துற கடையில, பதினாலு வருஷம் ஃபோன் எடுத்தவ அவ. கல்யாணம் பேசுற எடத்துல எந்த வார்த்தைக்கும் அதோட அர்த்தம் கெடையாது. நல்ல நிறம்னா மாநிறம். மாநிறம்னா ஃபோட்டோவ இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துல எடுத்துட்டு வாங்க. சொந்தத் தொழில்னா அப்பா கடையில மத்தியானம் மட்டும் உக்காருதான். கெட்ட பழக்கம் எதுவும் கெடையாதுன்னா, ஒண்ணு இருக்கு, விசாரிச்சுக்கோங்க. எதிர்பார்ப்பு ஏதும் இல்லைன்னா காரு. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு உண்டு. "ஒங்க பொண்ணுக்கு நீங்க செய்யுதீங்க, ஒங்க விருப்பம்." இத எந்த மாமியா சொன்னாலும் பொண்ணப் பெத்தவன் அன்னிக்கு ராத்திரி தூங்கக் கூடாது. செல்வியோட அப்பா தூங்குனாரு. அவளோட மாமியா தேங்காத் தட்டு மேல கைய வச்சுக்கிட்டு, "ஒங்க விருப்பம் சம்பந்தி"ன்னா, இவரு அத நெசமாவே தன்னோட விருப்பம்னு எடுத்துக்கிட்டாரு. பஜார்ல போயி, அவருக்குப் பிடிச்ச பச்சக் கலர்ல ஒரு பீரோ வாங்கி, பொண்ணுக்குத் தைக்கத் தெரியும்னு ஒரு தையல் மிஷினும் வாங்கி, லோடு ஆட்டோவுல ஏத்தி அனுப்பிட்டுச் சந்தோசமா இருந்தாரு மனுசன். அந்த பீரோவத் தொறக்கும்போதெல்லாம் மாமியா சொல்லுவா, "ஒங்கப்பா விருப்பம் கதவு சரியாச் சாத்த மாட்டேங்குது." தீபாவளிக்குச் சேல எடுக்கும்போது, "ஒங்கப்பா விருப்பத்துல எடமே இல்ல, எங்க கொண்டு வைக்க." அப்பா செத்து கருமாதி முடிஞ்சு வந்த அன்னிக்குக்கூட, பாவம்னு சொல்லிக்கிட்டே பீரோவத்தான் பாத்தா. இப்ப இந்த வரி. விருப்பமிருந்தால் இணைக்கலாம்னா வைக்காதவள வீட்டுக்கு அனுப்பிருவோம்னுதானே அர்த்தம். வேற என்ன அர்த்தம் இருக்க முடியும்.

பக்கத்து நாற்காலியில ஒரு பொண்ணும் அவ அப்பாவும். உசிலம்பட்டியிலேருந்து வந்திருக்காங்கங்கிறது அவரு ஃபோன்ல பேசுனதுலயே வராண்டா பூராவுக்கும் தெரிஞ்சு போச்சு. பொண்ணு பேரு பொன்மணி. அவ கையிலயும் அதே அப்ளிகேஷன், அவ விரலும் அதே வரியில. "யப்பா, இத வைக்கணுமாப்பா?" "இரு, கேட்டுட்டு வந்துர்றேன்." துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கவுண்டருக்குப் போனாரு. கவுண்டர்ல எஸ்தர் மேடம்னு ஒரு அம்மா, கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி வச்சிக்கிட்டு, நிமிந்தே பாக்காம, "சார், அது உங்க விருப்பம்"ன்னாங்க. செல்வி சட்டுன்னு நிமிந்து பாத்தா. அதே ராகம். உங்கங்கிறதுல ஒரு இழுப்பு, விருப்பத்துல கதவச் சாத்துற மாதிரி ஒரு முடிப்பு. தேங்காத் தட்டு ஒண்ணுதான் இல்ல. அவரு திரும்பி வந்து மக காதுல ரகசியமா, அதாவது மாடி வரைக்கும் கேக்குற மாதிரி, "விருப்பம்ங்குது அந்தம்மா. மூஞ்சியப் பாத்தா வச்சிருங்கிற மாதிரி இருக்கு"ன்னாரு. "ரெஸ்யூம்ல போட எங்கிட்ட என்னப்பா இருக்கு?" "எறிபந்துல ரெண்டாவது வந்தியே." "அது எட்டாப்புல." "எட்டாப்புல வந்தா வரலன்னு ஆயிருமா, எழுதுத்தா." அப்புறம் அவரு இந்தப் பக்கம் திரும்புனாரு. "நீங்க வைக்கிறீகளாம்மா?" செல்வி வாயத் தொறந்தா. வந்தது அவ கொரல் இல்ல. கொஞ்சம் மூக்கால, சிரிச்சாப்புல, "கேட்டுச் சொல்லுதேன் சார், லைன்ல இருங்க"ன்னு வந்துருச்சு. அவரு அவ மொகத்தப் பாத்தாரு, அப்புறம் அவ கையப் பாத்தாரு, ஃபோன் எதுவும் இல்ல. பொன்மணி துப்பட்டாவ எடுத்து வாயப் பொத்திக்கிட்டா.

அது மாலா. பூமாலைக்கு ஃபோன் வந்தா மொதல்ல மாலாதான் எடுப்பா. ஒரே ஒரு பொம்பள உக்காந்திருக்குற கடைய நம்பி யாரு வரன் பதிவா, ஸ்டாஃப் இருக்கணும்னு சொன்னது அவ புருஷன். அதனால, "வணக்கம், ஸ்ரீ பூமாலை, மாலா பேசுதேன்." அப்புறம், "மேனேஜர் மேடத்துக்கிட்ட குடுக்கேன்." குடுத்துட்டு ரிசீவரக் கையால பொத்திக்கிட்டு மனசுக்குள்ள மூணு எண்ணணும். ரெண்டுலயே பேசுனா ரெண்டும் ஒருத்திதான்னு தெரிஞ்சுரும், நாலு ஆச்சுன்னா வச்சுருவாங்க. மூணு. அப்புறம் அடித்தொண்டையிலேருந்து ஒரு செருமல், கல்யாணி மேடம் வந்துருவா. "சொல்லுங்கம்மா, பொண்ணா பையனா?" கல்யாணி மேடத்துக்கு வயசு அம்பதக் கிட்ட, மூட்டு வலி, ரெண்டு பொண்ணையும் கெட்டிக் குடுத்தாச்சு. மூட்டு வலி செல்வி தானாச் சேத்தது. சில நாளு சாயங்காலம் நாற்காலிய விட்டு எந்திரிச்சா நெசமாவே முட்டி வலிக்கும். மாலாவுக்குக் கல்யாணம் ஆகல. ஒரு தடவ ஆலங்குளத்துலேருந்து ஒரு அம்மா கல்யாணி மேடத்துக்கிட்டயே கேட்டுட்டா. "நீங்க காட்டுற பொண்ணு ஒண்ணும் வேண்டாம்மா, மொதல்ல ஃபோன் எடுக்கே ஒரு பிள்ள, அதையே எங்க பையனுக்குக் கேட்டுப் பாருங்களேன்." கல்யாணி மேடம் மூணு எண்ணிட்டு, "அவ எங்க வீட்டுப் பிள்ள மாதிரிம்மா, கேட்டுச் சொல்லுதேன்"ன்னா. ஃபோன வச்சப்புறம் செல்விக்கு அப்படி ஒரு சிரிப்பு, கண்ணுல தண்ணி வந்துருச்சு. இத்தன வருஷம் கழிச்சு, கழுத்துல தாலியோட, தேடி வருது ஒரு வரன். அந்தச் சிரிப்போட அவருகிட்டச் சொன்னா. அவரும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயி ஷட்டரப் பாதி எறக்குனாரு.

வீட்ல கை வைக்க மாட்டாரு. வீட்டுக்குப் பக்கத்து வீடு இருக்கு, காம்பவுண்டுல நாலு குடித்தனம் இருக்கு. கடையிலதான். ஷட்டர முழுசா எறக்குனா என்னமோ ஏதோன்னு பாப்பாங்க, பாதி எறக்குனா பூட்டப் போறாங்கன்னு நெனச்சு யாரும் வர மாட்டாங்க. கடகடகடன்னு வரும், நடுவுல ணங்குன்னு நிக்கும். யாருகிட்ட என்ன கொழைஞ்சன்னு அன்னிக்கு அவரு கேக்கும்போது, மாலா கொழைஞ்சதுக்கு எனக்கு ஏன் விழுதுன்னு ஒரு நிமிஷம் நெசமாவே யோசிச்சா. தரையில கெடந்து பாத்தா ரோட்டுல போறவங்க காலு மட்டும் தெரியும். கொலுசு போட்ட காலு, ஸ்கூல் ஷூ, பஸ்ஸுக்கு ஓடுற காலு, நிதானமா வெத்தல மென்னுக்கிட்டு நடக்குற காலு, அது காலப் பாத்தாலே தெரியும். ஏதாவது ஒரு காலு நிக்காதான்னு பாத்துக்கிட்டே கெடப்பா. ஒரே ஒரு நாளு ஒரு காலு நின்னுச்சு. கறுப்பு ஷூ, பாலிஷ் போட்டது. குனியுற சத்தங்கூடக் கேட்டுச்சு. இவ மூச்ச இழுத்து வாயத் தொறந்தா, எந்தக் கொரல்ல கூப்பிடன்னு தெரியல, மாலாவா, மேடமா. அதுக்குள்ள அந்தாளு லேஸக் கட்டிட்டுப் போயிட்டாரு. ணங். செல்வி எந்திரிச்சு நின்னுட்டா. காலேஜ் வராண்டா. பொன்மணி பேனாவ நிறுத்திட்டுப் பாக்கா. கவுண்டர்ல எஸ்தர் மேடம், தலைக்கு மேல சுருண்டிருந்த குட்டி ஷட்டர ஒரு கொக்கியப் போட்டு ஒரு ஜாணு எறக்கியிருந்தாங்க. "உக்காருங்கம்மா, வெயிலு கண்ணுல அடிக்குது, அதான். இன்னும் நேரமிருக்கு."

நேரமிருக்கு. அப்ப வச்சிரலாம். அவ இப்ப அண்ணன் வீட்டுல இருக்குற கோவில்பட்டியில, பஸ் ஸ்டாண்டு டி.டி.பி. கடையில ஒரு பொண்ணு அடிச்சுக் குடுத்த ரெஸ்யூம், பாக்க லட்சணமாத்தான் இருக்கு. மேல கட்டம் கட்டி இங்கிலீஷ்ல, சவாலான சூழலில் பணிபுரிய விரும்புகிறேன்னு ஒரு வரி. அது எல்லாருக்கும் போடுறதாம். பதினாலு வருஷம் ஸ்ரீ பூமாலையில் அலுவலகப் பணி, மக்கள் தொடர்பு, குடும்பங்களுடன் பேசுதல்னு அந்தப் பிள்ளையே யோசிச்சுப் போட்டுச்சு. சமூகப்பணி படிக்கப் போறவளுக்கு இதவிட வேற என்ன வேணும். இத வச்சா டைஃபாய்டு மாதிரி நிக்குற அந்தத் திருமணத்துக்கு ஒரு மருவாத வரும். ஆனா அடியில, "ரெஃபரன்ஸ் கேக்குதுக்கா, ஒங்களப் பத்தி விசாரிக்கணும்னா யாருக்கு ஃபோன் பண்ண?"ன்னு அந்தப் பிள்ள கேட்டப்ப, இவ சுவத்துல பல்லி போறதப் பாத்துக்கிட்டு இருந்தா. வாயி தானாச் சொல்லிருச்சு, பூமாலை நம்பர. மாலா சொல்லுற மாதிரியே ராகம் போட்டு, கடைசி ரெண்டு நம்பர ஒரு தடவ திருப்பிச் சொல்லி. பஸ்ஸு சாத்தூர் தாண்டும்போதுதான் எடுத்துப் பாத்தா. இந்த நம்பருக்கு இவங்க பண்ணுனா மாலா எடுக்க மாட்டா, கல்யாணி மேடம் எடுக்க மாட்டா, ரெண்டு பேரும் இங்க வராண்டாவுல உக்காந்திருக்காளுக. அவருதான் எடுப்பாரு. தேனா ஊத்துவாரு. "சொல்லுங்க மேடம். ஆமா மேடம், நம்ம செல்விதான், என் ஒய்ஃபுதான். கொஞ்சம் மனசு சரியில்ல மேடம், பாவம். எந்தக் காலேஜுன்னு சொன்னீங்க?" அந்தக் கடைசிக் கேள்விய எவ்வளவு மெதுவாக் கேப்பாருன்னு அவளுக்குக் கேட்டுச்சு. காது மடலு சூடாச்சு. அப்ப வைக்காம விட்டுரலாம். விட்டா, காலியா இருக்கும். அவ தொழில்ல அவளுக்குத் தெரிஞ்ச ஒரே சாஸ்திரம், எந்தக் கட்டம் காலியோ அதுக்குத்தான் மொத ஃபோன். பையனுக்கு ரெண்டு வருஷம் காலியா இருந்தா ஜெயிலான்னு கேப்பாங்க. பொண்ணுக்கு ஆறு மாசம் போதும், கேக்காமலே முடிவு பண்ணிருவாங்க. பதினாலு வருஷம் காலியா இருக்குறவளக் கொண்டு போயி சின்னப் பிள்ளைங்க இருக்குற ஹாஸ்டல்ல படுக்க வைப்பாங்களா. சரி, அந்த நம்பர மட்டும் அடிச்சிரலாம். அடிச்சுத் திருத்துன பயோடேட்டாவ ஒரு குடும்பமும் கையால தொடாது. எத்தன பேர அவளே திருப்பி அனுப்பியிருக்கா, கல்யாணி மேடம் கொரல்ல, "வேற நல்ல தாள்ல எழுதிட்டு வாங்க, அடிச்சிருந்தா எதையோ மறைக்கோம்னு ஆயிரும்"னு. வச்சா அவரு. வைக்கலன்னா ஞாயித்துக்கெழம. அடிச்சா அசிங்கம். எந்த வழியில நடந்தாலும் அந்தப் பாதி ஷட்டருக்கு உள்ளதான் போயி நிக்குது.

ஞாயித்துக்கெழம பால்வண்ணன் பக்கத்து ஆளுக வாராங்க. அண்ணன் சங்கரன் கெட்டவன் இல்ல. அவ புருஷன விட்டுக் கெளம்பி ராத்திரியோட ராத்திரியா கோவில்பட்டி வந்து கதவத் தட்டுனப்ப ஒரு வார்த்த கேக்காம வெந்நி வச்சுக் குடுத்தவன். ஆனா நாளாக நாளாக அவனுக்குத் தொண்ட செருமுது. "சீட்டும் ஹாஸ்டலும் கெடச்சா நீ பாட்டுக்குப் போயிப் படி, நான் குறுக்க நிக்கல. கெடைக்கலன்னா, ஞாயித்துக்கெழம மச்சான் பெரியாளுகளோட வாராரு. ஒரு வார்த்த பேசி அனுப்புறதுதான் மருவாத. இங்க எத்தன நாளைக்கு..." அதுக்கு மேல முடிக்கல, சோத்துல மோர ஊத்திக்கிட்டான். மதினி ஜெயக்கொடி அவன் பக்கமும் பாக்கல, இவ பக்கமும் பாக்கல. "நான் என்ன சொல்ல. ஒங்க விருப்பந்தான் செல்வி." சொல்லிக்கிட்டே, இவ படுக்குற பாயச் சுருட்டி, வழக்கமா வைக்குற மூலைய விட்டுட்டு வாசக்கதவுகிட்ட நிப்பாட்டுனா. பெரியாளுக வருவாங்க, காப்பி குடிப்பாங்க, அனுசரிச்சுப் போம்மாம்பாங்க. அவரு ஒரு ஓரமா உக்காந்து தலையக் குனிஞ்சிருப்பாரு, அழுதாலும் அழுவாரு. நல்லா அழுவாரு. பாத்துப் பாத்து, கடைசியில இவளே போயி வண்டியில ஏறி உக்காருவா. காலையில காலேஜ் கேட்டுக்குள்ள நொழையும்போது அந்தப் பக்கம் ஹாஸ்டலப் பாத்தா. மாடியில ஒரு பொண்ணு தலகாணிய வெயில்ல போட்டு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, என்னமோ பாடிக்கிட்டு, கர்ண கொடூரமா. உள்ள இரும்புக் கட்டிலு, வரிசையா. ஒரு கட்டில்ல ஒரு ஆளு. அதப் பாத்துக்கிட்டே நின்னதுல வாட்ச்மேன், "யாரப் பாக்கணும்மா?"ன்னுட்டாரு. கட்டிலப் பாக்கணும்னா சொல்ல முடியும்.

"யம்மா," உசிலம்பட்டிக்காரரு பக்கத்துல குனிஞ்சு பணிவாச் சொன்னாரு, "நான் இன்னும் லைன்லதான் இருக்கேன்." பொன்மணிக்கு அடக்க முடியல, மூக்கு வழியா சிரிப்பு வந்துருச்சு. செல்விக்கும் வந்துச்சு, எங்கேருந்துன்னு தெரியல. "வைக்கேன் அண்ணாச்சி"ன்னா. சொன்னதுக்கப்புறந்தான் அவளுக்கே தெரிஞ்சது. கைக்குட்டைய எடுத்தா, ரெஸ்யூமக் கவர்லேருந்து உருவுனா, பூமாலை நம்பர் மேல பேனாவ வச்சு ஒரு கோடு, அது மேல இன்னொரு கோடு, ஒரு நம்பர் கூடத் தெரியாத அளவுக்கு. பக்கத்துல தன் செல் நம்பர எழுதுனா. அசிங்கமாத்தான் இருந்துச்சு. அப்புறம் தாளோட அடியப் பாத்தா, வெறுமையா இருந்துச்சு. பயோடேட்டான்னா கடைசியில எதிர்பார்ப்புன்னு ஒரு வரி இருக்கணும். அது இல்லாத பயோடேட்டாவ அவ ஒரு நாளும் ஃபைல்ல வச்சதில்ல. கையி சும்மா இருக்குமா, எழுதிருச்சு. எதிர்பார்ப்புன்னு போட்டு, ரெண்டு புள்ளி வச்சு, நிறுத்திக்கிட்டா. எல்லாருக்கும் அவ எழுதிக் குடுத்தது நல்ல குடும்பம், நல்ல குணம், நல்ல வேல. அத எழுதல. ஹாஸ்டலில் ஒரு கட்டில். எழுதிட்டு, பழக்கத்துல, இதுக்கு உள்ள வேற என்ன அர்த்தம் இருக்குன்னு தேடிப் பாத்தா. ஒண்ணும் இல்ல. கட்டில்னா கட்டிலு.

கவுண்டர்ல எஸ்தர் மேடம் ஒவ்வொரு தாளாப் பெரட்டுனாங்க. டி.சி., மார்க் ஷீட்டு, திருமணம்கிற கட்டம், அங்க ஒரு நிமிஷம். ரெஸ்யூம் வந்துச்சு. கண்ணாடிய மேல ஏத்திக்கிட்டாங்க. "இதென்னம்மா, ரெஃபரன்ஸ் நம்பர இப்படி அடிச்சு வச்சிருக்கீங்க? இந்தப் பூமாலைக்கு ஃபோன் பண்ணிக் கேக்கணும்னா யாருக்குப் பண்றது?" செல்வி கவுண்டர் பலகைய ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டா. மனசுக்குள்ள ஒண்ணு எண்ணுனா. ரெண்டு. மூணு. யாரும் வரல. மாலாவும் வரல, கல்யாணி மேடமும் வரல. நாலு ஆயிருச்சு. "எனக்கே பண்ணுங்க மேடம்"ன்னா. கொரலு கரகரன்னு, வெல கேக்காத சரக்கு மாதிரி, என்னமோ போல இருந்துச்சு. "உங்களப் பத்தி விசாரிக்க உங்களுக்கே பண்ணவா? நீங்கதான எடுப்பீங்க." "பதினாலு வருஷமா அங்க நாந்தான் மேடம் எடுத்தேன். இனிமே அங்க எடுக்குற ஆளுகிட்ட நான் எங்க இருக்கேன்னு சொல்லிராதீங்க. அதுக்குத்தான் அடிச்சது." எஸ்தர் மேடத்தோட கண்ணு தாளோட அடிக்குப் போச்சு. அங்க நின்னுச்சு. லேஸக் கட்டிட்டுப் போயிருமோன்னு செல்வி பாத்துக்கிட்டே இருந்தா. போகல. செவப்புப் பேனாவ எடுத்து, கட்டில்ங்கிறதுக்குக் கீழ ஒரு கோடு போட்டு, எல்லாத்தையும் சேத்து ஒரு பின் அடிச்சாங்க.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இன்டர்வியூ. பிரின்சிபால் இருப்பாங்க, வார்டனும் இருப்பாங்க. இதே மாதிரி பேசுங்க." "எந்த மாதிரி மேடம்?" "இப்பப் பேசுனீங்கள்ல." அப்புறம் பின்னால நின்ன பொன்மணிகிட்ட வாங்கி, எறிபந்தப் படிச்சு, எட்டாம் வகுப்பான்னு ஒரு பார்வ பாத்து, அதையும் வச்சுக்கிட்டாங்க. கொக்கி ஏறுச்சு. ஷட்டரு கடகடகடன்னு வந்துச்சு, நடுவுல நிக்கல, ணங்குன்னு முழுசா எறங்குச்சு. செல்வி கண்ண எறுக்கி மூடிக்கிட்டா, தோளு ரெண்டும் காது வரைக்கும் ஏறிருச்சு. கொஞ்ச நேரம் அப்படியே நின்னா. ஒண்ணும் நடக்கல. உசிலம்பட்டிக்காரரு யாருகிட்டயோ ஃபோன்ல, எறிபந்த வாங்கிக்கிட்டாங்கன்னு ஊருக்கே சொல்லிக்கிட்டுப் போறது தூரத்துல கேட்டுச்சு. கண்ணத் தொறந்து, குனிஞ்சு, மொதல்ல காலப் பாத்தா. ரெண்டும் ஷட்டருக்கு வெளியதான் இருந்துச்சு.